கிரேக்க லேபிளில் இருந்த மீன்பிடி வரி

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் மற்றவர்களுக்கு முன்பே அலுவலகத்துக்கு வந்து ஜன்னலைத் திறந்தேன். முந்தின நாள் மேஜையில் விட்டுப்போன லேபிள் மாதிரிகளை நாடு வாரியாகப் பிரித்து வைத்தேன். ஜெர்மனிக்கு ஒரு தட்டு, போலந்துக்கு ஒரு தட்டு, கிரேக்கத்துக்கு ஒரு தட்டு. டீ வந்தது. குடித்துக்கொண்டே சைஸ் ஸ்டிக்கர்களை ஆர்டரோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தவற்றின் மூலையில் என் முதலெழுத்தைப் போட்டேன். அன்றைக்கு அதைவிடப் பெரிய வேலை எதுவும் எனக்கு இருந்திருக்கக் கூடாது.

பனியன் கம்பெனிகளில் லேபிள் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். லேபிள் எப்படி அச்சாகிறது, எங்கே தைக்கப்படுகிறது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். பழகாதது ஒன்றுதான். நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துக்கு நாம் கையெழுத்துப் போடுகிறோம். சட்டையைத் தைத்தவரால் சட்டையைப் பார்க்க முடியும். லேபிளில் கையெழுத்துப் போடும் நமக்கு அந்த வசதி கிடையாது.

அப்போது எங்கள் கையில் இருந்தது கிரேக்கத்துக்கான குழந்தைகள் இரவு உடுப்பு. மார்பில் ஒரு வாசகம், உள்ளே ஒரு துவைப்பு லேபிள். லேபிளில் 'நெருப்பருகே கொண்டு செல்லாதீர்கள்' என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். குழந்தைகள் தூங்கும்போது போடும் துணி என்பதால் அந்த வரி இல்லாமலோ தவறாகவோ போகக் கூடாது. வழக்கமாக வாங்குகிற கம்பெனியே தன் மொழியில் எழுத்துகளை அனுப்பிவிடும். இந்த ஆர்டரை எடுத்துக் கொடுத்த ஏதென்ஸ் ஏஜென்ட் மட்டும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அனுப்பி, கிரேக்கத்தில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நான் பார்த்து ஒப்புதல் தருகிறேன் என்றார். தன் வேலையை நம்மிடம் தள்ளுகிறவரை முதல் நாளே சந்தேகப்பட வேண்டும். நான் சந்தேகப்பட்டேன். முதலாளி சந்தோஷப்பட்டார்.

திருப்பூரில் கிரேக்கம் தெரிந்தவர் என்று எங்களுக்குக் கிடைத்தவர் சேவியர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். கிரேக்க முதலாளிகளின் கப்பல்களில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, மகளும் மருமகனும் பனியன் கம்பெனியில் இருப்பதால் வேலம்பாளையத்தில் குடியிருந்தார். அடக்கம் என்பது அவரிடம் கிடையாது. "பிரேயஸ் துறைமுகத்துல எம்பேரச் சொன்னா காப்பிக்குக் காசு வாங்க மாட்டான்" என்பார். இதையும் நான் நம்பவில்லை.

ஆனால் அவர் வேலை செய்யும் விதம் எனக்குப் புதிதாக இருந்தது. லேபிள் வரிகளோடு, எட்டு டிசைனுக்கு எட்டு மார்பு வாசகங்களும் கொடுத்திருந்தோம். ஒவ்வொன்றும் குழந்தையைத் தூங்கவைக்கும்போது ஆங்கிலத்தில் சொல்கிற பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை போடாமல், ஒவ்வொன்றையும் வாயில் போட்டு மென்று பார்ப்பார். இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளையை ஆங்கிலத்தில் ஆந்தை என்கிறார்கள். "கிரேக்கன் ஆந்தைன்னு சொல்ல மாட்டாம்மா. ராத்திரிப் பறவைம்பான்" என்று அதைப் போட்டார். சந்தோஷத்தில் நிலாவுக்கு மேலே போவதாக ஆங்கிலம் சொன்னது. கிரேக்கத்தில் மேகத்தில் பறக்கவிட்டார். 'என் கண்ணின் ஆப்பிள்' என்று ஒன்று. அதற்குச் சிரித்தார். "ஆப்பிளுக்கும் கண்ணுக்கும் என்ன சோலி? அங்க பிள்ளைய 'என் கண்ணுகளே'ன்னுதான் கூப்பிடுவாவ. நீங்க இங்க கண்ணுன்னு கூப்பிடுதியள்ளா, அதேதான்."

ஏழு முடிந்தது. எட்டாவது, மூட்டைப்பூச்சி கடிக்காமல் தூங்கு என்ற ஆங்கில வேடிக்கை. அதைக் காலியாக விட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதுக்கு அங்க சொல்லு இல்ல. நானா உண்டாக்கிப் போட்டா பொய்யி" என்றார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. முழுதாக முடிக்காத ஆளுக்கு வேலை தெரியாது என்பது அவர் கணக்கு. எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. மழுப்பத் தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத்துகள் ஏதென்ஸுக்குப் போயின. அனுப்பிய சூட்டோடு 'ஒப்புதல்' என்று பதில் வந்தது. லேபிள் அச்சாகி, அந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான் பவர் டேபிளில், அதாவது தையல் வரிசையில், துணியோடு சேர்த்துத் தைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த ஆர்டரைப் பார்த்துக்கொண்ட மெர்ச்சண்டைசர் பிரகாஷ், கையில் போனோடு என் மேஜைக்கு வந்தான்.

"அக்கா, அந்தக் கப்பல்காரரு நம்மள நல்லா ஏமாத்திப்போட்டாருங்க."

"உக்காந்து சொல்லு."

"உக்கார நேரமில்லீங்க்கா. போன்ல போட்டோ புடிச்சா எந்த மொழின்னாலும் தமிழ்ல காட்டுதுங்க. நேத்துத்தான் ஒருத்தர் காட்டுனாரு. நம்ம லேபிள் கடைசி வரியப் பாருங்க."

பார்த்தேன். திரையில் இருந்தது இது: 'இதை அணிந்துகொண்டு மீன் பிடிக்கப் போகலாம்.'

இன்னொரு லேபிளை எடுத்து நானே படம் பிடித்தேன். மறுபடியும் மீன்தான்.

"சட்டைல எழுதுனதும் அப்படித்தானுங்க. ஆந்தையக் காணோம், நிலாவக் காணோம், ஆப்பிளக் காணோம். கடைசி டிசைன் ஒண்ணுதான் சுத்தமா வருது. மூட்டப்பூச்சி கடிக்காம தூங்குன்னு அச்சு அசலாக் காட்டுதுங்க."

"அத அவரு காலியாத்தானே உட்டிருந்தாரு?"

பிரகாஷ் போனைப் பையில் வைத்தான். பிறகு மறுபடியும் எடுத்தான்.

"மொதலாளி காலியா இருக்கக் கூடாதுன்னாருங்க. அதான் போன்லயே போட்டு நெரப்பிக் குடுத்தனுங்க."

"அப்ப போன் எழுதுனதப் போனே திருத்தி, போனே நூத்துக்கு நூறு போட்டிருக்குது."

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கும் நிலையில் இல்லை. அந்தப் போன் மூன்று வாசகங்களைத் தவறு என்று காட்டியதற்கான காரணம் எனக்குத் தெரியும். சேவியர் வேண்டுமென்றே மாற்றியவை அவை. ஆனால் மீனுக்கு எந்தக் காரணமும் இல்லை. ஒரு வரி இப்படி இருந்தால் நெருப்பு பற்றிய வரி எப்படி இருக்கும்? போன் அதைச் சரி என்றுதான் காட்டியது. மூட்டைப்பூச்சியையும் அது சரி என்றுதானே காட்டியது?

பவர் டேபிளுக்குப் போய் லேபிள் தைப்பதை நிறுத்தச் சொன்னேன். மெஷின்கள் நின்ற சத்தமே முதலாளியைக் கீழே கொண்டுவந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் சரக்கைக் கப்பலேற்றத் தூத்துக்குடிக்குப் போகும் வண்டி அந்த வாரமே கிளம்ப வேண்டும்.

"ஏனுங்க்கா, லைன நிறுத்திப்போட்டீங்களாமா?"

சொன்னேன். போனையும் காட்டினேன்.

"அந்தாள இன்னைக்கே வெளிய அனுப்போணும். ஊரெல்லாம் சொல்லிப்போடுவேன், இனி ஒரு கம்பெனி அவர உள்ள சேத்தக் கூடாது."

"சரிங்க. லேபிள என்ன பண்றதுங்க?"

"அதுக்குத்தான் ஏஜென்ட்டு அப்ரூவல் குடுத்திருக்கறாருல்ல? தெச்சு அனுப்புங்க. நாளைக்குக் கேட்டா அவரக் கை காட்டிக்கலாம்."

இந்த இரண்டு பேச்சையும் அடுத்தடுத்துச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். ஆள் ஏமாற்றுக்காரர், ஆனால் அவர் எழுதியது போகட்டும். நெருக்கடியில் நல்லவர்கள்கூட இப்படித்தான் பேசுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் மேஜைதான் கடைசித் தடை. என் கையெழுத்தை எடுத்துவிட்டு அனுப்பிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மாடிக்குத் திரும்பிப் போனார். மதியம் அவர் மறுபடி இறங்கி வரும் வரை எனக்கு நேரம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

சேவியரை வரச்சொன்னேன். மொபெட்டை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே வந்தார். நான் லேபிளை மேஜையில் வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தேன். அவர் முகத்தை மட்டும் பார்த்தேன். பயம் வருகிறதா என்று.

பயம் வரவில்லை. சிரிப்பு வந்தது.

"யம்மா, நீங்களா புடிச்சிய? ஏதென்ஸ்காரன் புடிப்பான்னுல்லா இருந்தேன்."

"இதென்னங்க, வெளையாட்டா?"

"வெளையாட்டு இல்ல. சோதனை. கப்பல்ல ஆபத்துக்கு வச்சிருக்க லைஃப்போட்டத் தெறந்து பாத்துட்டு வாடான்னா, பயலுவ பாக்காமலே பாத்தேன்னு வந்து சொல்லுவானுவ. அதுக்கு எங்க சீப் ஆபீசர் உள்ள ஒரு சீட்டுக்கட்டு அட்டைய வச்சிருப்பாரு. மெய்யாத் தெறந்தவன் அந்த அட்டையோட வருவான். நானும் அப்படித்தான் ஒரு வரி வச்சேன். கிரேக்கன் எவன் படிச்சாலும் இத விட மாட்டான். அவன் திருத்தி அனுப்புனா மத்த வரியெல்லாம் படிச்சிருக்கான்னு அர்த்தம். அப்புறம் நான் எடுத்துடுவேன்."

"இத யாருகிட்டயாச்சும் முன்னாலயே சொன்னீங்களா?"

"சொன்னா அது என்ன சோதனை?"

எனக்குத் தெரிந்து திருப்பூரில் மாட்டிக்கொண்ட எல்லோரும் சொல்லும் பதில் இதுதான். நிறம் மாறிப்போனால் சோதித்துப் பார்த்தேன் என்பார்கள், அளவு மாறிப்போனாலும் அதையே சொல்வார்கள். பிரகாஷ் என் பின்னால் நின்றுகொண்டு, "நல்லாக் கதை உடறாருங்க" என்றான்.

சேவியர் அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, போன வாரம் ஒனக்குப் போன் போட்டனா இல்லியா? ஏஜென்ட் ஒண்ணுமே சொல்லலியான்னு கேட்டனா இல்லியா?"

பிரகாஷ் தலையைச் சொறிந்தான். "கேட்டாருங்க்கா. எல்லாம் ஓகேன்னு வந்திருச்சுன்னேன். மறுபடியும் 'ஒண்ணுமே சொல்லலியா'ன்னாரு. பணத்தப் பத்திக் கேக்கறாருன்னு நெனச்சுப்போட்டேன்."

"அப்பவே மீனப் பத்திச் சொல்லியிருக்கலாமுல்ல?" என்று அவரிடம் கேட்டேன்.

"அச்சுக்குப் போறதுக்கு முந்தி ஒரு தடவ என்கிட்ட காட்டுவியன்னு நெனச்சேன். எந்த ஊர்லயும் அப்படித்தான." முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது. "காட்டலியே."

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். தன் தவறு யாருக்காவது தெரிந்துவிட்டதா என்று வேவு பார்க்கவும் அந்தப் போனைப் போட்டிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே கேள்வி பொருந்தும். இங்கேதான் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இருக்கிறது. அவர் யோக்கியரா இல்லையா என்று தீர்ப்பு எழுத உட்கார்ந்தால் இருந்த நேரம் முழுவதும் போயிருக்கும். லேபிள் அப்படியே இருந்திருக்கும். எனக்குத் தெரிய வேண்டியது நெருப்பு வரி சரியா என்பது. ஆளை ஒரு பக்கம் வைத்துவிட்டு வரியை எடுத்துக்கொண்டேன்.

சாம்பிள் அறையில் பழைய ஆர்டர்களின் துணிகள் தொங்கும். வேறொரு கிரேக்கக் கம்பெனிக்கு முன்பு செய்த குழந்தைச் சட்டை ஒன்று இருந்தது. அவர்கள் தங்கள் எழுத்தைத் தாங்களே அனுப்பியிருந்தார்கள். அதில் ஆங்கிலமும் கிரேக்கமும் அருகருகே இருந்தன. இரண்டு லேபிள்களையும் பக்கத்தில் வைத்து, எச்சரிக்கை வரியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். வட்டத்தின் நடுவே கோடு, அடுத்து மாட்டு லாடம் போல ஒன்று. படிக்கத் தெரியாவிட்டாலும் உருவம் தெரியும். எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. நெருப்பு வரி சரி.

மற்ற வரிகள் அந்தச் சட்டையில் வேறு மாதிரி எழுதப்பட்டிருந்ததால் ஒப்பிட முடியவில்லை. அதனால் அதன் லேபிளில் ஆங்கிலம் தெரியாதபடி மடித்து, சேவியரிடம் நீட்டி, தமிழில் படிக்கச் சொன்னேன்.

"பரீட்சை வைக்கியளா மேடம்?"

"ஆமாங்க."

"கேட்டா ஆமாங்கிய. இங்க மரியாதையாவே கழுத்த அறுக்காவ" என்றார். ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தனியாகத் துவை, வெளுக்கிற மருந்து போடாதே, நெருப்புக்குக் கிட்டே கொண்டுபோகாதே. அதற்கடுத்த வரியில் நின்றார். "ஈரத்தோட என்னமோ பண்ணச் சொல்லுதான். என்னன்னு தெரியல."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா வருமா? தெரியாது."

மடிப்பைப் பிரித்தேன். ஈரமாக இருக்கும்போதே இழுத்து வடிவத்தைச் சரிசெய்யவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. மற்ற வரிகள் அவர் சொன்னபடியே இருந்தன. அவருக்குக் கிரேக்கம் தெரியும், முழுக்கத் தெரியாது. தெரியாத இடத்தில் நிரப்புகிறவரும் இல்லை. காலியாக விட்ட எட்டாவது வாசகத்தின் மேல் இருந்த என் எண்ணம் அப்போதுதான் மாறியது. மீன் பற்றிய எண்ணம் மாறவில்லை.

மீதி இருந்தது ஏதென்ஸ். ஒப்புதல் தருவீர்களா என்று கேட்டால் வருவது ஒப்புதல்தான். அதனால் வேறு மாதிரி எழுதினேன். லேபிளின் படத்தை இணைத்து, 'கடைசி வரி என்ன சொல்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள்' என்று ஒரே வாக்கியம். படிக்காமல் பதில் சொல்ல முடியாத கேள்வி.

பதில் வந்தது. 'ஒப்புதல் தரப்பட்டது. நன்றி.'

அதை அச்செடுத்து முதலாளியின் மேஜையில் வைத்தேன். கேள்வியையும் பதிலையும் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு தானே ஏஜென்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பிரகாஷும் சேவியரும் கதவருகே நின்றார்கள்.

எடுத்ததும் ஏஜென்ட் கோபப்பட்டார். ஒப்புதல் கொடுத்த பிறகு ஏன் தாமதம், வண்டி போகவில்லை என்றால் ஆர்டர் ரத்து என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கும். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்திருக்கலாம். ஆனால், "எங்க லேபிள் மேடம் ஒண்ணு கேக்கோணுமாமுங்க சார்" என்று பாதி ஆங்கிலத்தில், பாதித் தமிழில் சொல்லிப் போனை என் பக்கம் நகர்த்தினார்.

"லேபிளைத் திறந்து கடைசி வரியைச் சத்தமாகப் படியுங்கள்" என்றேன்.

முணுமுணுப்பு. மௌஸ் சொடுக்கும் சத்தம். பிறகு கிரேக்கத்தில் வேகமாக ஆரம்பித்து, நடுவில் மெதுவாகி, நின்றுபோனார். அந்தப் பக்கத்திலிருந்து நான் புரிந்துகொள்ளத் தேவையில்லாத ஒரு சொல் வந்தது. சேவியர் கதவருகில் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதை யார் எழுதியது?" என்றார் ஏஜென்ட்.

"நீங்கள் இதற்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள். இப்போது மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லுங்கள்."

படித்தார். எச்சரிக்கை வரி சரி. துவைப்பு வரிகள் சரி. மார்பு வாசகங்களில் 'என் கண்களே' வந்தபோது, என் அம்மா அப்படித்தான் கூப்பிடுவார் என்றார். எட்டாவதில் மறுபடியும் நின்றார். குழந்தையின் படுக்கையில் பூச்சி என்று எழுதிய துணியை எந்தத் தாய் வாங்குவாள், இதை நீக்குங்கள் என்றார். அந்த டிசைன் இன்னும் பிரிண்டிங்குக்குப் போகாதது எங்கள் நல்ல நேரம். பிரகாஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வண்டி ஒரு வாரம் தள்ளிப்போக ஏஜென்ட் ஒத்துக்கொண்டார். மறுக்கும் நிலையில் அவர் இல்லை. புது லேபிள் அச்சுக்குப் போனது. இந்த முறை அச்சுக்கு முன்பு சேவியர் பார்த்தார், அவருக்குப் பிறகு ஏதென்ஸ் பார்த்தது.

போனை வைத்த பிறகு முதலாளி சேவியரிடம் கேட்டார். "நெசமாலுமே சோதனைக்குத்தான் வெச்சீங்களா?"

"ஆமா."

"சொல்லாம வெச்சது தப்புங்க."

"தப்புதான். இனி வச்சா மேடத்துட்ட சொல்லிட்டு வைக்கேன்."

"இனி வெக்கவே வேண்டாமுங்க" என்றார் முதலாளி. வெளியே அனுப்புவதைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

அந்த வரி சோதனையா, இல்லை எங்களை லேசாக நினைத்து எழுதிய கிண்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சில நாள் இப்படித் தோன்றும், சில நாள் அப்படி. தெரிந்துகொள்ளாமலே சரியாக முடிவெடுக்க முடிந்தது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன். படிக்கத் தெரியாத மொழியில் எல்லாம் நிரம்பி வந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். இடைவெளி இருந்தால் அது ஏன் என்று கேளுங்கள். ஒப்புதல் கேட்காதீர்கள், படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பவர் டேபிளுக்குப் போனேன். முந்தின நாள் தைத்துவிட்ட லேபிள்களைப் பிரித்தாக வேண்டும். பின்னல் துணியில் கத்தரி நுனி கொஞ்சம் தவறினாலும் ஓட்டை விழுந்து, இழுக்க இழுக்கப் பெரிதாகும். தைக்கும் பெண்கள் இன்னும் வந்திருக்கவில்லை. சேவியர் வந்திருந்தார். தரையில் அட்டையைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, சின்னக் கத்தரியால் தையலை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நானும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

எதிரில் உட்கார்ந்தேன். அவர் பிரித்து வைத்திருந்த துணிகளை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"பாருங்க, நல்லாப் பாருங்க" என்றார் தலை நிமிராமல்.

ஓட்டை இல்லை. நானும் ஒரு கத்தரியை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். நான் பிரித்துக் கீழே வைத்த முதல் துணியை அவர் எடுத்து, அதே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.